இடதுபக்கக் கூடைக்குக் கீழே

1

ஐரோப்பியக் கழகங்களுக்கான இந்த வருசத்துக் கூடைப்பந்துப் போட்டி போன வியாழக்கிழமையோடு முடிந்துவிட்டது. யார் வென்றார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். இறுதி ஆட்டம் நடந்தபோது நான் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லெற்றூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஒக்டோபரில் தொடங்கி ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்த்தவள் கடைசி ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கனடாவுக்குப் போனவள் பனியைப் பற்றி எழுதுவாள், சப்பாத்துக்குள் தண்ணீர் போனதைப் பற்றி எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். ரொறன்ரோவில் ஆறு வருசம் இருந்துவிட்டீர்கள், அனுபவத்தை எழுதுங்கள் என்றார். ஆறு வருசத்தையும் யோசித்துப் பார்த்தால் எனக்கு எழுத வருவது இந்த ஏழு மாதம்தான். என் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போக விளங்கும்.

விளையாட்டு என்று எனக்குத் தெரிந்தது வலைப்பந்து ஒன்றுதான். பாடசாலை அணியில் கோல் போடுகிறவளாக நின்றேன். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது, எதிராளியை முட்டக்கூடாது, மூன்று அடிக்குக் கிட்டே போய் மறிக்கவும் கூடாது. ஆகவே கூடைப்பந்தை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணுக்கு எல்லாரும் ஓயாமல் பிழை விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவருக்குக் கண் பொட்டையோ என்றுகூட நினைத்தேன்.

நான் வேலை செய்வது டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையின் குசினியில். முதலாளி ஸ்தாவ்ரோஸ், அறுபது வயதுக்காரர். கூரையில் பெரிய சட்டி அன்ரெனா பூட்டி ஏதென்ஸ் சனலைப் பிடித்து வைத்திருக்கிறார். அங்கே இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே வியாழன் பிற்பகல் இரண்டேகாலுக்கு வரும். மதியச் சாப்பாட்டுக்காரர் எழும்பிப் போய், பின்னேரக்காரர் இன்னும் வராத நேரம். நாலைந்து கிரேக்கக் கிழவர்கள் கோப்பியோடு வந்து குந்துவார்கள். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொடுக்கும் சின்ன யன்னலால் பார்த்தால் குசினியில் இருந்தே தொலைக்காட்சி நேராகத் தெரியும். நான் வெங்காயம் உரிக்கும் பலகையை அந்த யன்னலுக்குக் கீழே மாற்றிக்கொண்டேன்.

2

என் கணவர் ஏதென்ஸில் இருந்தார். கனடாப் பத்திரங்களின்படி அவர் இறந்து ஆறு வருசத்துக்கு மேலாகிறது.

ஊரில் ஒருநாள் அவரைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு நாள் வைத்திருந்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலாக நின்றேன். திரும்பி வந்தார். வலது முழங்கால் மட்டும் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. பிறகு கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜ், ஏஜென்சிக்காரன். முதலில் இரண்டு பேருக்குத்தான் வழி கிடைத்தது. “நீரும் பிள்ளையும் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன்” என்றார். கடைக்குப் போய்வருகிறவர் மாதிரிச் சொன்னார். அவரைக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் ஏதென்ஸ் வரைக்கும் கொண்டுபோய், பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான்.

இங்கே நாங்கள் வந்து இறங்கிய கிழமையே அகதி வழக்கு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார்கள். அப்போது எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். கெட்ட மனுசன் இல்லை. தேத்தண்ணீர் தந்துதான் பேனையை எடுத்தார்.

“புருசனைப் பிடிச்சவங்களோ?”

“ஓம்.”

“பிறகு விட்டவங்களோ?”

“ஓம் அண்ணை. நாப்பத்தொரு நாளால விட்டவங்கள்.”

பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“விட்டவங்கள் எண்டு எழுதினால், விட்டிட்டாங்கள்தானே, பிறகேன் வந்தனீர் எண்டு கேப்பாங்கள். வரேல்லை எண்டு போடுவம் தங்கச்சி. முதல் உமக்கும் பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கட்டும். அவர் வந்து சேரேக்க உதைப் பாத்துக்கொள்ளுவம்.”

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் எழுதிய கதையில் என் கணவர் பிடிபட்டு, காணாமற்போய், கடைசியில் ஒரு வெறுங்காணியில் கண்டெடுக்கப்பட்டார். விசாரணை நாளன்று பொட்டு வைக்காமல், தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். கேள்வி கேட்ட அதிகாரி அம்மா நான் அழுவதைப் பார்த்துத் தானே எழும்பித் தண்ணீர் எடுத்துத் தந்தார். அந்த அழுகையில் ஒரு துளி பொய் இல்லை. முகாம் வாசலில் நின்ற நாற்பத்தொரு நாளையும் நினைத்துத்தான் அழுதேன். எங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

மகள் அபிராமிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வரும்போது “அப்பா” என்று கத்திக்கொண்டு ஓடுவாள். இந்தக் கட்டடத்தில் சுவர் மெல்லியது, பிள்ளைக்கு வாய் பெரிது, பாலர் வகுப்பில் ரீச்சர் எல்லாம் கேட்பார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கதைக்கிறது சித்தப்பா, அப்பாவின் தம்பி என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டாள். முதல்முறை அவள் “ஹலோ சித்தப்பா” என்றபோது மறுபக்கத்தில் இவர் “ஓமடா குஞ்சு, சித்தப்பாதான்” என்றார்.

3

செப்ரெம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு இவர் குரலில் பழைய துள்ளல் இருந்தது.

“இஞ்சேரும், நான் ரீவியில வரப்போறன்.”

துப்புரவு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கொம்பனி இவரை உள்ளரங்கு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. அந்த நகரத்துக் கழகம் ஒன்று ஐரோப்பியப் போட்டியில் விளையாடும் அரங்கு அது. ஆட்டக்காரர் விழுந்தால் தரையில் வியர்வை ஈரம் இருக்கும், அடுத்தவன் வழுக்கி விழுவான். அதனால் ஒவ்வொரு கூடைக்குக் கீழேயும் ஒருவர் துணியோடு குந்தியிருந்து, ஆட்டம் நின்ற நொடியில் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடிவரவேண்டும்.

“ரீவியில பாக்கேக்க இடப்பக்கக் கூடை. நீல சேட். நான் முழங்கால் மடிக்காமல் குனிவன், அதில பிடிச்சுக்கொள்ளும்.”

முதல் ஆட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்தைந்து நிமிசம் எடுத்தது. நெடுநெடுவென்று ஒருவன் விழுந்தான், நடுவர் விசில் ஊதினார், ஒரு மனுசன் ஓடிவந்து வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு குனிந்து துடைத்தான். கமெரா கூடைக்கு மேலே இருந்து காட்டியது. நடு உச்சியில் ஒரு வட்டம் மினுங்கியது. ஆறு வருசமாக எங்களுக்குள் கடிதமும் ஞாயிற்றுக்கிழமைக் குரலும்தான், படம் அனுப்பச் சொன்னால் அடுத்த மாதம் என்பார். என் கணவருக்கு வழுக்கை விழுந்துவிட்டதை ஐரோப்பியக் கூடைப்பந்துதான் எனக்குச் சொன்னது.

நாலு செக்கன் இருக்கும். நான் வெங்காயத்தை வைத்துவிட்டு அழுதேன். வெங்காயம் உரிக்கிற பெண் அழுதால் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த வசதி எனக்கு இருந்தது.

ஞாயிறு போன் வந்தது.

“கண்டனீரோ?”

“கண்டனான். தலைதான் முதல் தெரிஞ்சது.”

“உதைக் காட்டிப்போட்டாங்களோ,” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்.

ஸ்தாவ்ரோஸ் ஒருநாள் என்னைக் கேட்டார், உனக்கு ஏன் இந்த விளையாட்டில் இவ்வளவு அக்கறை என்று. இறந்துபோன கணவரின் தம்பி அந்த அரங்கில் வேலை செய்கிறார் என்றேன். ஒரு பொய்க்கு அடுத்த பொய் கைவசம் ஆயத்தமாக இருந்தது. அன்றிலிருந்து தரை துடைக்கிறவர் திரையில் வரும்போதெல்லாம் கிழவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

4

போட்டியின் ஒழுங்கு இப்படி. முதலில் அணிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றோடும் சொந்த அரங்கில் ஒருமுறை, மற்றவன் அரங்கில் ஒருமுறை விளையாட வேண்டும். வெளியூர் ஆட்டத்தில் இவர் இல்லை. அணி தோற்றுக் குழுவில் கீழே போனால் அடுத்த சுற்று இல்லை, அடுத்த சுற்று இல்லையென்றால் வியாழக்கிழமையும் இல்லை. ஆகவே எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் அந்த அணிக்கு வெறிபிடித்த ரசிகையானேன். பெயரும் வாயில் நுழையாத ஊர்களில் அவர்கள் ஒரு புள்ளியால் தோற்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அணியில் நடுவில் நிற்கும் நெடுவல் ஒருவன் இருந்தான். மிலான் என்று பெயர், ஏழடி உயரம். டிசெம்பரில் அவனுடைய முழங்கால் வீங்கிவிட்டது. அவன் இல்லாமல் தொடர்ந்து தோற்றார்கள். நான் ஸ்காபரோவில் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் துண்டில் என் கணவர் பெயரை எழுத முடியாது, பக்கத்தில் நின்ற அன்ரிக்கு அவர் செத்தவர். விளையாட்டுக்காரனுடைய பெயரையே எழுதிக் கொடுத்தேன். ஐயர் துண்டைப் பார்த்துவிட்டு, “நட்சத்திரம்?” என்றார். இவருடைய நட்சத்திரத்தைச் சொன்னேன். பிள்ளையார் அதைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது, தை மாதம் மிலான் ஓடத் தொடங்கிவிட்டான்.

இப்போது ரொறன்ரோவுக்குச் சொந்தமாக ஒரு கூடைப்பந்து அணி வந்து இரண்டு வருசம். பிள்ளைகள் எல்லாம் அந்த ஊதா நிறச் சேட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அபிக்கு நான் ஏதென்ஸ் அணியைப் பற்றிச் சொன்னால், “அம்மா, அவை ஒருத்தருக்கும் டங்க் பண்ணவே தெரியாது. போரிங்” என்பாள். துள்ளி எழும்பிப் பந்தைக் கூடைக்குள் குத்துவதைத்தான் டங்க் என்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் கதைக்க ஒரு விளையாட்டு கிடைத்தது, அதிலும் ஆளுக்கொரு கண்டம்.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பதினேழு தமிழ்க் குடும்பங்கள். எதிர்வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையாகி, மாசியில் சாமத்தியவீடு செய்தார்கள். மூன்று நாள் பலகாரம் சுட்டது நான். மண்டபத்தில் ஆலாத்தி எடுக்க ஆள் கூப்பிட்டபோது, பழக்கதோசத்தில் நானும் எழும்பிவிட்டேன். அன்ரி ஒருத்தி என் கையை மெல்லப் பிடித்தார்.

“நீங்கள் இதில இருங்கோ பிள்ளை. காலையில இருந்து நிண்டு களைச்சுப் போனியள்.”

அன்பாகத்தான் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருப்பார். நான் இருந்தேன். என் புருசன் உயிரோடு இருக்கிறார், போன வியாழன்கூடக் கண்டேன் என்று மண்டபம் அதிரக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கேக் வெட்டினார்கள், சாப்பிட்டேன்.

5

அதற்கு முன்பே, தையில், நான் ஒரு வழக்கறிஞரிடம் போயிருந்தேன். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கே படித்தவள். மேசையில் மூன்று தொலைபேசி. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு எழுதுவதை நிறுத்தினாள்.

“அன்ரி, செத்த ஆளை ஸ்பொன்சர் பண்ணேலாது.”

“அவர் சாகேல்லை, பிள்ளை.”

“தெரியும் அன்ரி. ஆனா நீங்கள் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறியள். அகதி வழக்கில ஒருக்கா. நிரந்தர வதிவிடப் படிவத்தில ரெண்டாந்தரம். இப்ப சிற்றிசன்சிப்புக்கும் போட்டிருக்கிறியள். உண்மையைச் சொன்னால் உங்கட சொந்தக் கேஸையே திருப்பித் திறக்கலாம். உங்களையும் பிள்ளையையும் அனுப்பாயினம் எண்டு நான் எழுதித் தரமாட்டன்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி அவர் வரவே ஏலாது.”

எழும்பப்போன என்னை அவள் நிறுத்தி இன்னொன்றும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். “அந்த நேரம் நடந்ததை அப்பிடியே சொல்லியிருந்தாலும் உங்களை எடுத்திருப்பினம் அன்ரி. பிடிச்சு அடிச்சு விட்டதே காணும்.”

வரும்போது பஸ்ஸில் ஒரு இருக்கையில் இருந்து வேறொன்றுக்கு மாறி மாறி இருந்தேன். அந்த மனுசனின் தேத்தண்ணீரும், என் தலையாட்டலும். மறுப்பதற்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. எங்கள் உண்மை ஒரு வெள்ளைக்காரருக்குப் போதாது என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.

நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்க அவள் தந்த சத்தியக் கடதாசியை நிரப்பினேன். கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. போட்டி முடியட்டும், சித்திரைக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளினேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நாலு செக்கன் எனக்குப் போதுமாயிருந்தது. வியாழன் காண்கிறேன், ஞாயிறு கதைக்கிறேன், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், எதற்கு எல்லாவற்றையும் கிளறுவான் என்று இருந்துவிட்டேன். இவரும் அவசரப்படுத்தவில்லை. “நீர் யோசிச்சுச் செய்யும், பிள்ளையைப் பாத்துக்கொள்ளும்” என்பதோடு நிறுத்திவிடுவார்.

6

பங்குனியில் கால் இறுதி. மூன்று ஆட்டத்தில் இரண்டு வெல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று வென்று, மூன்றாவது எங்கள் அரங்கில் நடந்தது. எங்கள் அரங்கு என்று எழுதுகிறேன் பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறைக் கிழமை. அபியை வீட்டில் தனியே விடமுடியாமல் கடைக்குக் கூட்டி வந்திருந்தேன். மூலை மேசையில் இருந்து உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுகொண்டு படம் கீறிக்கொண்டிருந்தாள். கடை நிறையக் கிரேக்கர். ஸ்தாவ்ரோஸ் சிகரெட்டைத் தலைமாறிப் பற்றவைத்தார்.

நாலு நிமிசம் இருக்க, இரண்டு புள்ளியால் பின்னுக்கு நின்றோம். நடுவர் மிலானுக்கு ஐந்தாவது பிழை கொடுத்து வெளியே அனுப்பினார். அந்த அரங்குச் சனத்தின் பழக்கம் என்னவென்றால், கோபம் வந்தால் கையில் இருக்கிற சில்லறையை எறிவார்கள். நாணயம், லைற்றர், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தரையில் விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். அந்த மழைக்குள் விளக்குமாறோடு வெளியே வந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் காலை நீட்டி நீட்டி நடந்தார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இவ்வளவு நேரம் அவரைத் திரையில் ஒருநாளும் காட்டியதில்லை. கூட்டுகிறார், குனிகிறார், பொறுக்குகிறார். பிறகு தலை சடக்கென்று பின்னுக்குப் போனது. கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டார். கமெரா கிட்டப் போனது. ஆறு வருசத்துக்குப் பிறகு என் கணவரின் முகம் தொலைக்காட்சி நிறைய இருந்தது. விரல்களுக்குள்ளால் இரத்தம் இறங்கியது. மெதுவாக்கி, திரும்பவும் திரும்பவும் போட்டுக் காட்டினார்கள்.

“ஐயோ, அபி! அப்பாவுக்கு அடிச்சிட்டாங்களடி!”

கத்தியது நான்தான். கடையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஸ்தாவ்ரோஸ் வந்து என் தோளைத் தட்டினார், பயப்படாதே, உன் மைத்துனருக்குச் சின்னக் காயம்தான் என்றார். அபி பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்தாள். இவரைத் துவாயால் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். திரும்ப ஆட்டம் தொடங்கியது. மிலான் இல்லாமலே நாங்கள் வென்றோம். கிழவர்கள் மேசையைத் தள்ளிவிட்டு ஆடினார்கள், எனக்கும் ஒருவர் முத்தம் தந்தார்.

7

பஸ்ஸில் அபி யன்னல் பக்கம் இருந்தாள். விக்ரோறியா பார்க் தெருவில் பாதித்தூரம் போனபிறகு கேட்டாள்.

“அம்மா, அது சித்தப்பாதானே?”

“இல்லை.”

எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்கு இருந்த தமிழ் ஆளுக்குக் கேட்காமல் மெல்லமாகச் சொன்னேன். அந்த நேரத்திலும் அந்தக் கவனம் எனக்கு இருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

“சோ, ஜட்ஜுக்கு நீங்கள் பொய் சொன்னீங்கள்.”

“ஓம்.”

“அவையளுக்குத் தெரிஞ்சா எங்களை சென்ட் பாக் பண்ணுவினமா?”

“தெரியேல்லை, குஞ்சு.”

“எனக்கு அங்க போகேலாது அம்மா. எனக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது.” கொஞ்சநேரம் விரலால் கண்ணாடியில் கோடு போட்டாள். “கான் ஹீ ஜஸ்ட் ஸ்டே சித்தப்பா?”

“என்ன?”

“அவர் சித்தப்பாவாவே இருக்கட்டும். எனக்கு அவரைப் பிடிக்கும். சித்தப்பாவாப் பிடிக்கும்.”

பத்து வயதுப் பிள்ளை. அவளுக்கு மூன்று வயதில் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னாள். அவளில் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அன்று இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்தோம், நான் மணியை அடிக்க மறந்துவிட்டேன்.

8

அந்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. திங்கள் காலை, இவரோடு ஒரே அறையில் இருக்கும் சிவம் என்ற பருத்தித்துறைத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, அண்ணையைப் பிடிச்சிட்டாங்கள். நெத்தியில தையல் போடக் கொண்டுபோன இடத்தில பத்திரம் கேட்டவங்களாம். வேலைக்கு எடுத்த கொம்பனி, உப்பிடி ஒருத்தரை எங்களுக்குத் தெரியாது எண்டிட்டுது. அண்ணையிட்ட என்ன பத்திரம் கிடக்குது?”

ஆறு வருசம் ஒளித்துத் திரிந்த மனுசன். தொலைக்காட்சியில் நான் அவரைக் கண்டுகளித்த அந்தக் காயத்தால்தான் பிடிபட்டார்.

கடைக்குப் போய், மைத்துனரைப் பிடித்துவிட்டார்கள் என்று ஸ்தாவ்ரோஸிடம் சொன்னேன். அவர் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொலைபேசியின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். ஏதென்ஸில் ஒரு பொலிஸ் நிலையம், அது இல்லையென்று இன்னொன்று, அங்கிருந்து வெளிநாட்டுக்காரரைத் தடுத்து வைக்கும் இடம். ஒவ்வொரு இடத்திலும் சத்தம் போட்டார், கெஞ்சினார், தன் கிராமத்தின் பெயரைச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கையை உயர்த்தி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“அங்கேதான் இருக்கிறார். காயம் ஆறுகிறதாம். புதன்கிழமை கொழும்புக்கு ஏற்றப்போகிறார்களாம்.”

கொழும்பு என்றால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை பிடிபட்டவரின் பெயர் அங்கே இருக்கும்.

“நிறுத்த முடியாதா என்று கேளுங்கள்.”

அவர் கேட்டார். நீளமாகப் பதில் வந்தது. ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எனக்குச் சொன்னார்.

“மனைவி, பிள்ளை என்று ஏதாவது ஒரு நாட்டில் சட்டப்படி இருந்தால், அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, பதில் வரும்வரை நிறுத்தி வைக்கலாமாம். அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் இல்லை என்று சொன்னாராம். மூன்றுதரம் கேட்டும் அதையேதான் சொன்னாராம். இந்த அதிகாரி நல்ல ஆள்போல இருக்கிறது. குடும்பத்தார் நீங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்கிறார். அவருக்கு மனைவி இருக்கிறாளா?”

இவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பாத்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னவர். நான் ஓம் என்றால் கனடாத் தூதரகத்துக் கோப்பு எங்கள் அகதி வழக்குக் கோப்போடு போய்ச் சேரும். அபி அந்த நேரம் வகுப்பில் இருந்திருப்பாள். கையெழுத்து வைக்காத சத்தியக் கடதாசி வீட்டில் கிடந்தது. இதையெல்லாம் நான் அந்த நிமிசத்தில் யோசித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். யோசித்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்றும் எழுதமாட்டேன். ஸ்தாவ்ரோஸ் காத்துக்கொண்டிருந்தார்.

“இல்லை,” என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டு அதைக் கிரேக்கத்தில் சொன்னார். மறுபக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்கள்.